பழைய எம்ஜிபி மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடுவது

வண்டி நின்றுவிட்டதா? பானெட்டைத் திறக்கப் போகாதீர்கள். சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி, செல்ஃப் அடிக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் வலது பக்கம் டிக் டிக் டிக் என்று வேகமாக ஒரு சத்தம் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டு, அப்புறம் அடங்க வேண்டும். அதுதான் எஸ்யூ கம்பெனியின் பெட்ரோல் பம்ப். எம்ஜிபியில் வருகிற கோளாறுகளில் பாதியை இந்தச் சத்தத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்றும் உதிரி பாகம் சுலபமாகக் கிடைப்பது இதற்குத்தான். முழு உடற்கூடே 1988 முதல் புதிதாக அடித்து விற்கிறார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் இதன் எஞ்சின் அந்நியமில்லை. அம்பாசடரில் ஓடிய பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் என்ற ஒரே வயிற்றில் பிறந்தவை.

என்னிடம் இருப்பது 1970 ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத வகை. கீழே உள்ளதெல்லாம் அதை வைத்துத்தான். உங்கள் வண்டி வேறு வருஷமாக இருந்தால் இரண்டு விஷயத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ் எர்த், டைனமோ. அதற்குப் பின் நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். ஆனால் ஐம்பது வருஷத்தில் யாராவது மாற்றியிருப்பார்கள், அதனால் புத்தகத்தை நம்பாமல் பேட்டரியில் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். கருவி என்று பார்த்தால் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், ஃபீலர் கேஜ் போதும். வண்டிக்கு அடியில் படுப்பதாக இருந்தால் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

சாவி திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை, அல்லது முனகுகிறது

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரியோ அதன் இணைப்போ சரியில்லை. வெளிச்சம் அசையாமல் இருந்து செல்ஃபும் சுற்றாவிட்டால் கோளாறு சாவி சுவிட்சுக்கும், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடுகிற சோலனாய்டுக்கும் இடையில்.

1974 வரை வந்த வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில், இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். கார்பெட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் தெரியும். யாரும் திறப்பதில்லை, அதனால் யாரும் துடைப்பதில்லை. இரண்டையும் இணைக்கிற அந்தக் குட்டிக் கேபிளின் முனைகளில் பச்சை பூத்திருந்தால் பேட்டரியை மாற்றும் முன் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பக்கப் பெட்டிக்குள் அடங்கும் ஒற்றைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போட்டுவிடலாம். அசல்தான் வேண்டும் என்று போட்டிக்கு நிறுத்துகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இதில் நஷ்டமில்லை.

இப்போது ஒரு விசித்திர அறிகுறி. செல்ஃப் மெதுவாக முனகுகிறது, சோக்கை இழுத்தால் கம்பி கையைச் சுடுகிறது. சில வண்டிகளில் புகையே வரும். சோக் கேபிளுக்கும் ஸ்டார்ட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பாடியோடு இணைப்பது பின்னல் போன்ற ஒரே ஒரு எர்த் பட்டை. எஞ்சினைக் கழற்றி மாட்டியவர் அதைத் திரும்பப் போட மறந்திருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரம் முழுவதும் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக வீடு திரும்பப் பார்க்கும். சோதிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பட்டை கியர் பாக்ஸ் பக்கமோ எஞ்சின் மவுண்ட் பக்கமோ இருக்கும். புதிது வாங்கி, இரண்டு முனையிலும் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளி மாதிரித் தகடு தெரிந்த பிறகு முறுக்குங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கேதான் அந்த டிக் சத்தம்.

டிக் நிற்காமல் வேகமாக ஓடிக்கொண்டே இருந்தால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. டேங்க் காலி, அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள இணைப்பில் கசிவு. பெட்ரோல் கேஜ் பாதி காட்டுவதை ஆதாரமாக வைக்காதீர்கள். டிக் ஓடுகிறது, கூடவே பெட்ரோல் வாடையும் அடிக்கிறது என்றால் கார்புரேட்டரின் மிதவை ஊசி மூடாமல், வழிகிற குழாய் வழியாகத் தரையில் கொட்டுகிறது. உடனே சாவியை அணையுங்கள்.

டிக்கே இல்லையா? கார்புரேட்டர் நிரம்பியிருந்தாலும் பம்ப் பேசாது, அதையும் மனதில் வையுங்கள். வலது பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, ஸ்பேனரின் பிடியால் பம்பை இரண்டு தட்டு தட்டுங்கள். தட்டியதும் டிக்கத் தொடங்கினால் உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் தொடுக்கிற முனை, அதாவது பாயிண்ட், தீய்ந்திருக்கிறது. அன்றைக்கு வீடு சேரலாம். அதோடு பம்பைக் கழற்றுங்கள். தட்டியும் எழவில்லை என்றால் பம்புக்கு வருகிற வெள்ளை வயரில் பன்னிரண்டு வோல்ட் இருக்கிறதா, கறுப்பு வயர் பாடியில் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் கறுப்பு வயர்தான் குற்றவாளி.

பம்ப் மாற்ற நேர்ந்தால் எஸ்யூவே பாயிண்ட் இல்லாத மின்னணு வகையைத் தருகிறது, வெளியே பார்க்க அதே தோற்றம். விலை குறைவு என்று எதையாவது பொருத்தி, அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் மிதவை ஊசியால் தடுக்க முடியாது. பம்பில் மிச்சம் பிடித்த காசு பெட்ரோலாக வழிந்தோடும்.

பம்ப் சரியாக இருந்தால் பொறி. பிளக் ஒன்றைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் சாய்த்துவைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. பிளக் இடைவெளி 0.63 மில்லிமீட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட் 0.35 முதல் 0.40 வரை. வயர் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். இதைக் கடிகாரத் திசை என்று நினைத்து வயர் மாட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்தவன் நான்.

சூடானதும் நின்றுபோகிறது, ஆறினால் ஓடுகிறது

தலைவலி என்றால் இதுதான் தலைவலி. ஷெட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும்.

எப்படி நின்றது என்பதை நினைவில் பிடியுங்கள். சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் மின்சாரம். இருமி, தயங்கி, இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல். இன்னொரு சாட்சி டாக்கோமீட்டர். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே அதன் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், காயிலுக்குப் போகிற மின்சாரமோ பாயிண்ட் பக்கமோ அறுந்திருக்கிறது. முள் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் அந்தப் பக்கம் பிழையில்லை.

பெட்ரோல் பக்கம் என்றால் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் கட்டி, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. ஊசியால் துளையைக் குத்தினால் வேலை முடிந்தது. அது இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத் தகடு இருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வண்டி இது. அந்தத் தகட்டை அழகுக்காக வைக்கவில்லை.

மின்சாரப் பக்கம் என்றால் சந்தேகப் பட்டியலில் மூவர்: கண்டன்சர், ரோட்டர், காயில். எனக்கு வந்தது கண்டன்சர். இருபது மைல் ஓடும், நிற்கும், கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். காயிலை மாற்றினேன். பிளக் வயர் மாற்றினேன். பம்பையும் மாற்றலாம் என்று பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஊரில் முப்பது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டிய மாமாவிடம் போனில் புலம்பினேன்.

"மாப்ளே, இந்த வியாதி வர்றதுக்கு முன்னாடி கடைசியா எதுல கை வச்ச?"

"சர்வீஸ் பண்ணப்ப பாயிண்ட்டும் கண்டன்சரும் புதுசு போட்டேன் மாமா. அது புதுசாச்சே."

"புதுசுன்னா நல்லதுன்னு யாரு சொன்னா? பழசத் தூக்கிப் போட்டுட்டியா?"

போடவில்லை. டப்பாவில் கிடந்தது. அதை மாட்டியதும் வியாதி போன இடம் தெரியவில்லை. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி சொல்கிற விஷயம்தான், எனக்குத்தான் அன்று உறைத்தது. இப்போது கடையில் வருகிற கண்டன்சர், ரோட்டர்களில் தரம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கழற்றிய பழையதை வண்டியிலேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருங்கள்.

ரோட்டரை வழியிலேயே சோதிக்கலாம். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். காயிலிலிருந்து வருகிற நடு வயரை, ரப்பர் காப்புள்ள இடுக்கியால் பிடித்து, ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். சாவியைப் போட்டு, மூடியிருக்கிற பாயிண்ட்டை நுனிவரை காப்பிட்ட ஸ்குரூடிரைவரால் ஒரு நெம்பு நெம்பித் திறங்கள். பொறி ரோட்டரை நோக்கிக் குதிக்கவே கூடாது, ஏனென்றால் அந்தத் தகடு அப்போது எதோடும் சேர்ந்திருக்கவில்லை. குதித்தால் ரோட்டரின் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள தண்டுக்கு மின்சாரம் ஒழுகுகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்து பாருங்கள், ஆறிய பின் சில ரோட்டர்கள் உத்தமன் வேஷம் போடும்.

பாயிண்ட்டே வேண்டாம் என்று மின்னணு இக்னிஷன் போடுகிறவர்கள் உண்டு. நானும் கடைசியில் போட்டேன், வருத்தமில்லை. ஆனால் கோளாறு இருக்கும்போது போடாதீர்கள். கோளாறு தீர்ந்து ஐநூறு மைல் ஓடிய பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் நோய் எது, மருந்து எது என்று தெரியாது. வாங்கும்போது எர்த் எந்த வகை என்று சொல்லி வாங்குங்கள். கடைசி வருஷங்களின் ரப்பர் பம்பர் வண்டிகளில் காயிலுக்கு முன்னால் மின்தடை வயர் ஒன்று இருக்கிறது. கருவியும் காயிலும் அதற்குப் பொருந்துமா என்பதையும் பாருங்கள்.

சும்மா நிற்கும்போது நன்றாக இருக்கிறது, மிதித்தால் வெட்டுகிறது

முதலில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் தலையில் இருக்கும் கறுப்புத் திருகு மூடிகளைத் திறந்து பாருங்கள். உள்ளே ஆயில் இருக்க வேண்டும். வறண்டிருந்தால் மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி மேலே போய், கலவை மெலிந்து, எஞ்சின் ஒரு கணம் மூச்சு திணறும். எஞ்சினுக்கு ஊற்றுகிற 20W-50 ஆயிலையே கொஞ்சம் விடலாம். மூடியைத் திருகும்போது, உச்சியிலிருந்து ஒரு விரலகலம் மேலே இருக்கும்போதே அழுத்தம் தட்டுப்பட்டால் அளவு சரி. பத்து நிமிஷ வேலை, காசே இல்லை. இதைப் பார்க்காமல் வெபர் கார்புரேட்டர் வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அதிலும் தீரவில்லையா? டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் துணி சுற்றிய இரண்டு சன்ன வயர்கள் உண்டு. ஒன்று பாயிண்ட்டுக்கு, மற்றது எர்த்துக்கு. மிதிக்கும்போது வாக்யூம் குழாய் பாயிண்ட் தகட்டைத் திருப்பும், அத்தோடு இந்த வயர்களும் வளையும். ஐம்பது வருஷம் வளைந்தால் காப்புக்குள்ளேயே செம்பு அறுந்துவிடும், வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். மீட்டரை ஓம் அளவில் வைத்து, தகட்டை விரலால் திருப்பிக்கொண்டே பாருங்கள். எண் துள்ளினால் வயரை மாற்றுங்கள். சாதா வயர் போட்டால் மறுபடி அறுந்துபோகும். மெல்லிழைகள் கொண்ட வளையும் வயரே வேண்டும்.

ஐடில் நிலைக்கவில்லை

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டரின் அடிப்பக்கத்து ஊசியை மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள். அது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தும். வேகம் கூடி, கூடியபடியே ஓடினால் கலவை கெட்டி. எஞ்சின் தள்ளாடி விழப்பார்த்தால் மெலிவு. ஒரு நொடி லேசாக ஏறி இயல்புக்குத் திரும்பினால் சரி. கைக்கு இவ்வளவு நேராகப் பேசுகிற கார்புரேட்டர் வேறு இல்லை.

எவ்வளவு திருகினாலும் அடங்காமல் ஐடில் ஏறி இறங்கினால் திராட்டில் தண்டு தேய்ந்து ஓரமாகக் காற்று இழுக்கிறது. தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் கைக்கே தெரியும். திருகுவதை நிறுத்திவிட்டு, தண்டும் புஷ்ஷும் மாற்றுகிறவரிடம் கார்புரேட்டரைக் கொடுங்கள்.

சூடு ஏறுகிறது

டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்றோட்டம்: ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் முகத்தில் அடைத்த பூச்சிகள். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் தண்ணீரோட்டம்: உள்ளே அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட். இரண்டிலும் ஏறி, கூடவே இழுவையும் மந்தமாக இருந்தால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா பாருங்கள்.

ரேடியேட்டர் புதிது, தெர்மோஸ்டாட் புதிது, இன்னும் அடங்கவில்லை என்பவர்கள் பிளாக்கின் பின்புறம் உள்ள வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். பலருக்கு ஒரு சொட்டும் வராது. நாலாவது சிலிண்டரைச் சுற்றி வண்டல் களிமண்ணாகக் கட்டியிருக்கும். குழாயைக் கழற்றிவிட்டுக் கம்பியால் குத்திக் கிளறுங்கள்; துருக் குழம்பு கொட்டும். தண்ணீர் தெளியும்வரை பாய்ச்சுங்கள். மின்சார ஃபேன் எல்லாம் இதற்குப் பின்தான்.

டப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வருகிறது

வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி இது. குளிர்ந்த எஞ்சினில் 0.38 மில்லிமீட்டர், பட்டறை பாஷையில் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு). எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

சரிசெய்த சில நூறு மைலிலேயே எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் இடைவெளி குறைந்தால் வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகப் பிறந்தது. பிரிட்டனில் அதன் பொது விற்பனை 1999 முடிவோடு நின்றது. ஹெட்டைக் கழற்றிக் கடினமான எக்ஸாஸ்ட் சீட் பதிப்பதே நிரந்தரத் தீர்வு. இடைவெளி நிலையாக நின்றால் ஹெட்டில் கை வைக்கத் தேவையில்லை.

பெட்ரோல் பேச்சு வந்ததால் ஒன்று. 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதா பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களை அந்த எத்தனால் அரிக்கும். பம்பிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லா ரப்பரையும் எத்தனாலைத் தாங்குகிற ஆர்9 தர ஹோஸாக மாற்றுங்கள். மேம்பாடு என்ற பேரில் நீங்கள் செய்கிற முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

ஹெட்லைட் மினுக்கட்டாம்பூச்சி மாதிரி எரிகிறது

இந்த வண்டியின் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்' என்று இங்கிலாந்தில் கேலி செய்வது பழைய வழக்கம். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. அரை நூற்றாண்டு மழையில் நனைந்த பித்தளை இணைப்பு எந்த கம்பெனி செய்ததாக இருந்தாலும் கறுக்கத்தான் செய்யும். உண்மையில் லூகாஸ் வயர்களின் நிற ஒழுங்கு ஒரு வரம். காபி நிறம் எப்போதும் உயிரோடு இருப்பது, வெள்ளை சாவியோடு வருவது, பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் தாண்டியது, கறுப்பு எர்த், நீலம் ஹெட்லைட். இதைப் பாடமாக்கிக்கொண்டால் சர்க்யூட் படம் இல்லாமலே பாதி தூரம் போகலாம்.

விளக்கு எரியும்போது பேட்டரியில் வோல்ட்டை அளந்துகொண்டு, பல்ப் முனையிலும் அளங்கள். ஒன்றரை வோல்ட் வழியில் தொலைந்தாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு சாகும். கிரில்லுக்குப் பின்னால் உள்ள குண்டு வடிவ இணைப்புகளை ஒவ்வொன்றாக உருவி, சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டுங்கள். அப்புறம் ரிலே. அசல் வயரிங்கில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் வருகிறது. இரண்டு ரிலேயும் ஃபியூஸும் போட்டுவிட்டால் சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் வரும். எம்ஜிபிக்குச் செய்கிற மின் மேம்பாடுகளில் போட்ட காசுக்கு அதிகம் திரும்பத் தருவது இதுதான் என்பது என் கணிப்பு.

கதவு ஒழுங்காகச் சாத்தவில்லை

கீலைத் திருகப் போகாதீர்கள். இதை ஆறுதலாகப் பார்க்க வேண்டும்.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது. முந்தைய எம்ஜிஏவுக்கு இருந்தது. இதில் பாடிதான் எலும்பு. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை என்பதால், முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டிதான். அது ஒரு தகடு இல்லை. வெளித் தகடு, உள் தகடு, நடுவில் ஒரு தடுப்பு, அடியில் இன்னொரு துண்டு என்று அடுக்கடுக்காகச் சேர்த்தது. உள்ளே துரு தின்றால் வண்டி நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவின் பின் ஓரத்தில் மேலே இடைவெளி இறுகும், கீழே அகலும்.

சோதனை இது. கதவைச் சாத்தி, மேல் இடைவெளியை ஃபீலர் கேஜாலோ அட்டைத் துண்டாலோ அளந்துகொள்ளுங்கள். பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் மெதுவாகத் தூக்குங்கள். இடைவெளி கண்ணெதிரே மாறினால், அல்லது கதவு திறக்க அடம்பிடித்தால், சில் போய்விட்டது. மாறவில்லை என்றாலும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கீழ்ப்பகுதி நெடுக நகர்த்துங்கள். வழுக்கி விழுகிற இடத்தில் தகடு இல்லை, புட்டி இருக்கிறது. பளபளவென்று பெயிண்ட் அடித்து, பழைய துருவின் மேலேயே புது வெளித் தகட்டை ஒட்டி விற்ற வண்டிகள் ஏராளம். விற்பனைக்கு வந்த ஒரு வண்டியில் காந்தம் ஓரடி தூரத்துக்குப் பிடிக்கவேயில்லை. விற்க வந்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிங்கரிங் செய்யும்போது ஒரு தவறு வண்டியையே கொன்றுவிடும்: கதவு வாயைத் தாங்காமல் சில்லை வெட்டுவது. வெட்டிய நொடியில் வண்டி மடங்கும், மடங்கிய நிலையில் வெல்டிங் விழும், அப்புறம் எந்தக் கதவும் ஜென்மத்துக்கும் சாத்தாது. முதலில் கீல் பக்கத் தூணிலிருந்து பூட்டுப் பக்கத் தூணுக்கு இரும்புக் குழாயைக் குறுக்கே பற்றவையுங்கள், அல்லது திருகி இறுக்குங்கள். வண்டியின் எடை சக்கரம் நிற்கிற இடங்களிலேயே இறங்கட்டும், நடுவில் தாங்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம். புதுச் சில்லை அங்கங்கே பொட்டு வைத்துப் பிடித்ததும், கதவை மாட்டிச் சாத்திப் பார்த்துவிட்டு, இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் முழு வெல்டிங். சில்லின் இரு நுனிகளும் முன் மட்கார்டு, பின் மட்கார்டு இரண்டுக்கும் அடியில் ஓடுகின்றன. மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டாமல் சில் மாற்றிவிட்டேன் என்று யாராவது சொன்னால், அவர் பாதிச் சில்தான் மாற்றியிருக்கிறார்.

துரு எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். முன் மட்கார்டுக்குள், சக்கரம் வாரியடித்த மண் தேங்கி ஈரமாகவே கிடக்கும். ஹோஸ் விட்டுக் கழுவுங்கள். மழைக்குப் பிறகு கால் வைக்கிற கார்பெட் நனைகிறது என்றால் கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துவாரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வண்டிக்கு அடியில் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் வடிகால் ரப்பர் குழாயில் இலைக் குப்பை.

சில்லறைச் சத்தங்களும் பிடிவாதங்களும்

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறதா? பவர் ஸ்டீயரிங் விசாரிக்கும் முன் கிரீஸ் கன்னை எடுங்கள். முன் சஸ்பென்ஷனில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு நிப்பிள். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து அடித்தால்தான், சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின் முழுக்கக் கிரீஸ் போகும். கிரீஸ் உள்ளே போகவே மறுத்தால் கிங்பின் மாற்றும் வேளை வந்துவிட்டது. அதைப் பிரிக்கும்போது முன் விஷ்போனுக்கு எம்ஜிபியின் வி8 மாடலுக்கு வந்த வகை புஷ் போட்டுவிடுங்கள். கொஞ்சக் காசு, நல்ல மாற்றம்.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது காலை எடுத்த பின்னும் ஒரு சக்கரம் சூடாக இருக்கிறது: கேலிப்பர் பிஸ்டன் துரு, அல்லது ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி ஆயிலைத் திரும்ப விடவில்லை. பிரிட்டனில் விற்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைச் சர்க்யூட் பிரேக். ஒரு ஹோஸ் போனால் நாலும் போச்சு. வயது தெரியாத ஹோஸை நம்பாதீர்கள்.

கிளட்ச் விடும்போது பின்னால் "டொக்". டிஃபரன்ஷியலுக்குள் வாஷர் தேய்ந்ததாக இருக்கலாம், ஆனால் கம்பிச் சக்கரம் உள்ள வண்டி என்றால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீங்கள் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். ஹப் நிற்க, சக்கரம் மட்டும் அசைந்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. சக்கரமும் ஹப்பும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் அதையும் தின்றுவிடும்.

ஹப்பைக் கழற்றியிருந்தால் இடம் மாறாமல் மாட்டியிருக்கிறீர்களா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். நடு நட்டு இடது பக்கம் கடிகாரத்துக்கு எதிர்த் திசையிலும், வலது பக்கம் கடிகாரத் திசையிலும் கழல வேண்டும். மாறிப்போனால் ஓடும்போது நட்டு தானே கழன்றுகொள்ளும்.

ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர்) விழவில்லை: எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, நாலாவது கியரில் தள்ளி, ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். கியர் பாக்ஸ் பக்கம் மெல்லிய க்ளிக் கேட்க வேண்டும். கேட்டால் மின்சாரம் சரி, கியர் பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள்; இரண்டும் குடிப்பது ஒரே ஆயில். கேட்காவிட்டால் கியர் பாக்ஸ் மேலே இருக்கிற குட்டி சுவிட்சையும் அதன் வயரையும் பாருங்கள். சுவிட்சைச் சுற்றிப் போகும்படி வயரை நேராக இணைத்துவிடாதீர்கள். ஓவர்டிரைவ் விழுந்த நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் அது அங்கேயே நொறுங்கும், அதைத் தடுக்கத்தான் அந்தச் சுவிட்ச் அங்கே இருக்கிறது.